ஆசையில் போட்ட கோடு

தையல்காரருக்கு ரத்தம் என்றால் ஆகவே ஆகாது. ஊசி விரலில் ஏறிவிட்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். பக்கத்தில் இருக்கிற யாராவது துடைத்துவிட்டு, "ம், முடிஞ்சது, கண்ணைத் திறங்க" என்று சொன்னால்தான் திறப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த மனைவியோ கால்நடை டாக்டர். கொம்பு முறிந்த மாடு, வயிறு கிழிந்த நாய் என்று எது வந்தாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்கள், "எண்ணெயும் தண்ணியும் எங்கே ஒட்டப்போகுது?" என்று காதுபடவே பேசினார்கள். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் நடந்ததை அவள் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவர மாட்டாள். அவரும் கேட்க மாட்டார். குடும்பம் ஓட அந்த ஒரு ஏற்பாடே போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரியை அவள் தனியாக நடத்தவில்லை. அவளுடைய அண்ணனும் அதே படிப்புப் படித்தவர். காலையில் அண்ணன், சாயங்காலம் தங்கை. மருந்து எடுத்துக் கொடுப்பது, கட்டுப் போடுவது, கடிக்க வருகிற நாயின் வாயைப் பிடிப்பது எல்லாம் கம்பவுண்டர் அக்கா. தையல் கடை ஆஸ்பத்திரியை ஒட்டினாற்போல இருந்தது. நடுவில் ஒரே சுவர். மிஷினை நிறுத்தினால் அந்தப் பக்கம் குரைப்பதும் கத்துவதும் தெளிவாகக் கேட்கும். அதனாலேயே அவர் மிஷினை அதிகம் நிறுத்துவதில்லை.

அண்ணனும் தங்கையும் மற்ற எல்லாவற்றிலும் நகமும் சதையும். காயத்துக்கு எந்த மருந்து என்று வந்துவிட்டால் மட்டும் கீரியும் பாம்பும். அண்ணனுக்கு அயோடின். அந்தப் பழுப்பு மருந்தைப் பூசினால் கிருமி பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடும் என்பார். தங்கைக்கு ரோஸ் நிறத்தில் இருக்கும் குளோர்ஹெக்சிடின்.

"உன் அயோடின் சீழைக் கண்டதும் சுருண்டு படுத்துக்கும் அண்ணா. இது தோல்மேல தங்கி நின்னு வேலை செய்யும்."

"தங்கி நின்னு புதுச் சதையைக் கருக்கும்."

"உன்னோடது மட்டும் தடவிக் குடுக்குதாக்கும்!"

படிக்கிற காலத்திலிருந்து இதே பேச்சு. வாயோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருமுறை தொடை கிழிந்த பூனை ஒன்று வந்தது. காலையில் அண்ணன் பழுப்பு மருந்து போட்டுக் கட்டினார். சாயங்காலம் தங்கை அதை அலசிவிட்டு ரோஸ் மருந்து போட்டுக் கட்டினாள். மறுநாள் அவர் அவிழ்த்தார், அவள் மறுபடி அவிழ்த்தாள். புண் ஆறவும் இல்லை, அழுகவும் இல்லை. கடைசியில் கம்பவுண்டர் அக்கா பூனையைத் தூக்கிக்கொண்டு போய் ரெண்டு பேருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தாள்.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்லுவாங்க, இன்னிக்குத்தான் நேர்ல பார்க்கறேன். ஒண்ணு, யாராவது ஒருத்தர் வைத்தியம் பாருங்க. இல்ல, பூனையை என்கிட்ட விடுங்க, நான் வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன்."

ரெண்டு டாக்டர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றைக்குத்தான், பேசிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை, முறையாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

ஏற்பாடு இப்படி. புதிதாகத் தோல் காயத்தோடு வருகிற பிராணிகளில், வளர்ப்பவர்கள் சம்மதித்தால், அக்கா சீட்டுக் குலுக்கி எடுப்பாள். சீட்டில் வந்த மருந்தை அவளே போட்டுக் கட்டுவாள். எதற்கு எது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கட்டு அவிழ்க்கும் நேரத்தில் டாக்டர்கள் ரெண்டு பேரும் அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. புண் கெட்டுப்போகிற மாதிரி தெரிந்தால் அக்கா குரல் கொடுப்பாள்; அப்போது ஒப்பீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வைத்தியம்தான் முக்கியம்.

"மூணாவதா வெறும் உப்புத் தண்ணியும் இருக்கட்டும்" என்றாள் தங்கை. "நம்ம மருந்து ஆத்துதா, இல்ல கழுவறதே ஆத்துதான்னு தெரிய வேண்டாமா?"

அண்ணன் சிரித்தார். "நொண்டிக் குதிரையை எதுக்குப் பந்தயத்துல விடற? சரி, ஓடட்டும். பார்க்கறவங்களுக்கு வேடிக்கையா இருக்கும்."

புண் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று அளப்பது யார் என்பதுதான் பாக்கி. ரெண்டு டாக்டர்களும் ஆகாது, ஆளுக்கொரு கட்சி. அக்கா ஆகாது, அவளுக்கு எல்லாம் தெரியும். சாப்பாட்டு மேஜையில் இதையே யோசித்துக்கொண்டிருந்த மனைவி, ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்த கணவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை தையல்காரருக்குப் பிடிக்கவில்லை.

"என்னங்க, பழுப்பா ரோஸான்னு உங்களுக்கு ஏதாவது அபிப்பிராயம் இருக்கா?"

"எனக்கென்னம்மா அபிப்பிராயம்? துணியில பட்டா ரெண்டுமே போகாது."

"அது போதும். நீங்கதான் அளக்கறீங்க."

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். "நானா? ஏன்ம்மா, நான் மயங்கி விழுந்தா என்னை யாரு பார்ப்பா? உங்க ஆஸ்பத்திரியில மனுஷனுக்கு வைத்தியம் உண்டா?"

"மாட்டுக்குப் போடற ஊசியையே அளவு கொஞ்சம் குறைச்சுப் போட்டுடுவோம்" என்றார் கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான், அவளுடைய அண்ணன்.

மாட்டேன், முடியாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். மனைவி வற்புறுத்தவில்லை. "சரி விடுங்க, பூனைங்க பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் எடுத்துவைக்கப் போனாள். அவளுக்குத் தெரியும், அவருக்கு அது போதும் என்று.

முதல் வேலையாக அவர் துணிகள் தைத்துக் கொடுத்தார். நல்ல தடித்த வெள்ளைத் துணி, நடுவில் ஜன்னல் மாதிரி ஓட்டை. பிராணியின்மேல் அதை விரித்தால் புண் மட்டும்தான் தெரியும். ரோமத்தில் பழுப்புக் கறை இருக்கிறதா, ரோஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியாது. ஓட்டையின் விளிம்பை ஒரு நூல் பிரியாமல் மடித்து அடித்திருந்தார். அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணுக்குத் தைச்ச மாதிரி இருக்கே" என்றாள். தன்னால் முடிந்த பங்கு அதோடு முடிந்துவிடாதா என்று அவருக்கு ஒரு நப்பாசை.

முடியவில்லை. முதல் நாள் ஒரு நாயின் முதுகு. அக்கா புண்ணை அலசித் துடைத்து, துணியை விரித்து, "வாங்க" என்றாள். அவர் வந்தார், பார்த்தார், சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். நாய் துணிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி அவரைப் பார்த்தது. அடிபட்டது அதற்கு, உட்கார்ந்திருப்பது இவர். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்தார்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. கண்ணாடி மாதிரி இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புண்ணுக்கு மேலே பிடித்து, புண்ணின் ஓரத்தை மார்க்கரால் கோடு இழுக்க வேண்டும். அடுத்த முறை புதுத் தாளில் புதுக் கோடு. ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் புண் எவ்வளவு மூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ரத்தத்தைப் பார்க்காதே, ஓரத்தைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துணி கிழிந்தால் கிழிசலின் நடுவையா பார்க்கிறோம்? ஓரத்தைத்தானே! அப்படியே பழகிவிட்டது. கொஞ்ச நாளில், சிவப்பாக மணி மணியாக எழும்புவது புதுச் சதை, ஓரத்தில் வெளிர் ரோஸாக உள்ளே ஊர்ந்து வருவது புதுத் தோல் என்றெல்லாம் சாப்பிடும்போது அவரே பேச ஆரம்பித்தார். மனைவிதான், "சாப்பிடறப்ப எதுக்குங்க?" என்று நிறுத்தும்படி ஆனது.

அந்தச் சமயத்தில்தான் கழுதை வந்தது.

செங்கல் சூளையில் பொதி சுமக்கிற கழுதை. பொதிச் சேணம் உரசி உரசி ஒரு பக்கத் தோளில் உள்ளங்கையை விரித்து வைத்தாற்போல் பெரிய புண். சூளைக்காரர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்தால் ஆஸ்பத்திரி வரைக்கும் நடத்திக் கூட்டிவந்திருக்க மாட்டார். ஆனால் உள்ளதைப் பட்டென்று சொல்லிவிட்டார்.

"டாக்டர், இது ஆறும்னா விட்டுட்டுப் போறேன். இழுத்துக்கிட்டே கிடக்கும்னா சொல்லிடுங்க, கேட்கற ஆளுகிட்டத் தள்ளிவிட்டுடறேன். சும்மா நிக்கற கழுதைக்குத் தீனி போட என்னால ஆகாது."

கேட்கிற ஆள் எதற்குக் கேட்பான் என்று யாரும் கேட்கவில்லை; அறுக்கத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். "ஆறும், விட்டுட்டுப் போங்க" என்றார் மச்சான். ஒப்பீட்டுக்கு அவரும் தலையாட்டினார், அக்கா சீட்டுக் குலுக்கி எடுத்தாள்.

பின்கட்டில் கழுதையைக் கட்டிவைத்தார்கள். மற்ற பிராணிகள் துணிக்கு அடியில் அடங்கிவிடும். இதற்கு ஜன்னல் துணியைப் போர்த்தினால் நாலு பக்கமும் கழுதை தெரிந்தது. கோடு போடும்போது அது கழுத்தைத் திருப்பித் தையல்காரரின் தோளில் தொங்கும் அளவு டேப்பை மென்றது. விரட்டினால் போகாது. ஒருநாள் டேப்பை ஒளித்துவைத்துக்கொண்டு போனார். அது அவருடைய சட்டைக் காலரை மென்றது. அதற்கு டேப்பே தேவலை என்று பழைய டேப் ஒன்றைக் கொடுத்துவிட்டார். காரட் வாங்கிப் போக ஆரம்பித்தார். மிஷினை நிறுத்திவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அது கத்துகிறதா என்று காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்.

புண் ஆறத்தான் செய்தது. ஆனால் மெதுவாக. நாய்களும் பூனைகளும் வந்து, ஆறி, வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயின. கழுதையின் தாள்களில் மட்டும் கோடு லேசில் உள்ளே நகரவில்லை. சூளைக்காரர் வாரத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். ஒருமுறை பெருமூச்சு விட்டபடி, "இது தேறாது போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர் அன்றைக்குக் காரட் ரெண்டு கூடுதலாக வாங்கிப் போனார்.

அதற்கடுத்த முறை தாளைப் பிடித்தபோது, ஓரத்தில் ஈரமாக மினுங்கிய இடம் புண்ணா, புதுத் தோலா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. உண்மையில் சந்தேகமே இல்லை. சந்தேகம் வேண்டும் என்று மனசு கேட்டது. கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டார். யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் உள்ளே. கை நடுங்கவே இல்லை. கத்திரிக்கோல் பிடித்துப் பழகின கையாயிற்றே!

தாள்களை அடுக்கிப் பார்த்த டாக்டர்கள் துள்ளினார்கள். "மாப்பிள்ளை, கழுதைப் புண்ணு இந்த வேகத்துல ஆறுதுன்னா அது அயோடினாத்தான் இருக்கணும்" என்று மச்சான் அவரை டீ குடிக்கக் கூட்டிப்போனார். "வாசனை ஏதாவது வந்துச்சா மாப்பிள்ளை? சும்மா சொல்லுங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." வீட்டுக்கு வந்தால் மனைவி அவருக்குப் பிடித்த மாதிரி முட்டை வேகவைத்துத் தட்டில் வைத்துவிட்டு, "ஏங்க, ஓரத்துல லேசா ரோஸ் கலர் ஏதாவது..." என்று இழுத்தாள். புதுத் தோலே ரோஸ் நிறம்தானே என்று சொல்லித் தப்பித்தார்.

ஒருநாள் மத்தியானம், கடையில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவருக்குச் சுவர் வழியாகச் சூளைக்காரரின் குரல் கேட்டது. கூடவே மச்சானின் குரல், உற்சாகமாக.

"நீங்களே பாருங்க. இது வந்தப்ப போட்டது. இது இப்பப் போட்டது. பாதிக்குப் பாதி மூடிடுச்சு!"

"அட! நான் தேறாதுன்னுல்ல நினைச்சேன். அப்படின்னா இன்னிக்கே ஓட்டிட்டுப் போயிடறேன் டாக்டர். சூளையில வேலை தலைக்கு மேல கிடக்கு. மிச்சம் தானே ஆறிடாதா?"

தையல்காரரின் கால் மிஷின் மிதியிலேயே நின்றது. பாதிகூட மூடாத புண்ணின்மேல் நாளைக்குச் சேணம் ஏறும். அதன்மேல் செங்கல். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். யாரிடமும் தள்ளிவிடக் கூடாதே என்று போட்ட கோடு, கழுதையை வாசல்வரை கொண்டுவந்து விட்டிருந்தது.

எழுந்து போனார். பின்கட்டில் மச்சான், சூளைக்காரர், அக்கா. சூளைக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு, சாயங்கால முறைக்குச் சீக்கிரமே வந்திருந்த மனைவியும் உள்ளிருந்து வந்தாள்.

"மச்சான், அந்தத் தாளு தப்பு."

"எது மாப்பிள்ளை?"

"கடைசியாப் போட்ட ரெண்டும். புண்ணு அவ்வளவு மூடலை. நான்தான் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டேன்."

மச்சான் சிரிக்கப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "ஏன்?"

"இவரு வந்து தேறாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்குக் கேட்கச் சகிக்கலை. அது ஆசையில போட்ட கோடு மச்சான், கண்ணால பார்த்துப் போட்டதில்ல."

மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "கட்டை அவிழுங்க அக்கா" என்றாள் மெதுவாக. "என்னங்க, நீங்களே திரும்பப் போடுங்க."

அக்கா கட்டை அவிழ்த்து அலசினாள். இந்த முறை ஜன்னல் துணி இல்லை. அவர் புதுத் தாளைப் பிடித்து, ஒவ்வொரு வளைவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுத்தார். பழைய தாளின்மேல் வைத்தபோது புதுக் கோடு அதைச் சுற்றி வெளியே ஓடியது. குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

சூளைக்காரர் ரெண்டு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கோபப்படலாமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. "ஏங்க, அளக்கறதுக்குன்னே ஆளு வச்சு இப்படியா? இப்ப ஆறுதா, ஆறலையா?"

"ஆறுது" என்றாள் மனைவி. "நல்லாவே ஆறுது. ஆனா இதோட வேகத்துலதான் ஆறும். இப்பச் சேணம் ஏத்தினீங்கன்னா ஒரே நாள்ல பழைய நிலைமைக்குப் போயிடும், அப்புறம் உண்மையிலேயே தேறாது. முழுசாத் தோல் மூடட்டும். அதுவரைக்கும் தீனியை நாங்க பார்த்துக்கறோம்."

இதற்கிடையில் மச்சான் குனிந்து புண்ணைச் சுற்றியிருந்த ரோமத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்புக் கறை ஒரு பொட்டுகூட இல்லை. அவர் முகம் சுருங்கியது. தங்கையும் அதைக் கவனித்துவிட்டாள். சமயம் சரியில்லை என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"அயோடின் இல்ல அண்ணா. அப்ப என்னோடதுதான்."

அக்கா புண்ணை அலசின துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "கோடு கெட்டுப்போச்சு, கழுதையைக் கணக்குல சேர்க்க முடியாது. அதனால சொல்லிடறேன். உங்களுதும் இல்ல டாக்டரம்மா. வெறும் உப்புத் தண்ணி."

"உப்புத் தண்ணியா?" என்றார் சூளைக்காரர். "அது எங்க வீட்டுலயே இருக்கே!"

முதலில் சிரித்தது மச்சான்தான். அப்புறம் அவருடைய தங்கை. சூளைக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் கயிற்றைத் திரும்பக் கம்பத்தில் கட்டினார். போகும்போது தையல்காரரைப் பார்த்து, "கழுதைக்காகப் பொய் சொன்ன ஆளை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். திட்டினாரா, மெச்சினாரா என்று தையல்காரருக்கு விளங்கவில்லை.

அன்றைக்குப் படுக்கப் போகும் முன் மனைவி, "மத்த தாளுங்க?" என்றாள்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் போட்டேன். அதுங்களை யாரும் எங்கேயும் அனுப்பறேன்னு சொல்லலையே."

அவள் தலையாட்டினாள். நம்பினாள். ஆனாலும் மறுநாள் முதல் அக்காவின் தங்கச்சி ஒருத்தி, பூக்கடைக்காரி, கூட வந்து அவர் அளக்கிற ஒவ்வொரு புண்ணுக்கும் தனியாக ஒரு கோடு போட்டாள். இருவர் கோடும் ஒத்துவந்தால்தான் கணக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அவருக்கு அது முதலில் சுருக்கென்றது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் பாரம் குறைந்த மாதிரியும் இருந்தது.

சீட்டுகளைத் திறந்த நாளில் அண்ணனும் தங்கையும் பரீட்சை முடிவு பார்க்கப்போகிற பிள்ளைகள் மாதிரி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா வாசிக்க வாசிக்க மனைவி கணக்குப் போட்டாள். பழுப்பு கொஞ்சம் முன்னே போனது, ரோஸ் எட்டிப் பிடித்தது, கடைசியில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றன. உப்புத் தண்ணீர் ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை. ரொம்ப அழுக்காக வந்த காயங்களில் மட்டும் மருந்து கொஞ்சம் கைகொடுத்த மாதிரி தெரிந்தது. ஆனால் அடித்துச் சொல்கிற அளவுக்கு அப்படிப்பட்ட காயங்கள் வரவில்லை.

"வந்த உருப்படிங்க பத்தாது" என்றார் அண்ணன். "இதை வச்சு ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது."

"சொல்ல வேண்டாம். நமக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள் தங்கை. "நாம ரெண்டு பேரும் இத்தனை வருஷம் எதுக்குச் சண்டை போட்டோம்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"பொழுது போகலைன்னு சொல்லு."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சில வழக்கங்கள் மாறின. எந்தக் காயம் வந்தாலும் முதலில் உப்புத் தண்ணீரால் நிதானமாக, போதும் போதும் என்கிற அளவுக்கு அலசினார்கள். அதற்கப்புறம் மருந்து வேண்டுமா என்பதை, முதலில் பார்த்த டாக்டரே கடைசிவரை முடிவு செய்வார். மற்றவர் கட்டைத் தொடக் கூடாது. சண்டை நிற்கவில்லை. இப்போது எத்தனை நேரம் அலச வேண்டும் என்று போட்டுக்கொண்டார்கள். பூனைகளுக்கு அதனால் தொந்தரவில்லை.

கழுதையின் தோள் மழைக்காலம் முடியும் தறுவாயில்தான் முழுசாக மூடியது. புண் இருந்த இடத்தில் ரோமம் வெள்ளையாக முளைத்தது. சூளைக்காரர் சேணத்தைக் கொண்டுவந்து காட்டினார். உரசின இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசாகத் திணித்துத் தைக்க வைத்திருந்தார். "வேற ஆளுகிட்டக் குடுத்துத்தான் தைச்சேன்" என்றார் தையல்காரரிடம். "உங்ககிட்டக் குடுத்தா அளவைச் சின்னதாப் போட்டுருவீங்க." இந்த முறை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கழுதைக்குப் போக மனசில்லை. வாசல்படியில் நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. சூளைக்காரர் முன்னால் இழுத்தார், மச்சான் பின்னால் தள்ளினார், அக்கா அதட்டினாள். தையல்காரர் அதன் பக்கத்தில் போய்க் கழுத்தில் கை வைத்துக்கொண்டு சும்மா நடக்க ஆரம்பித்தார். அதுவும் நடந்தது. தெரு திரும்புகிற இடம் வரைக்கும் கூடவே போனார். அங்கே நின்று, அது வண்டிகளுக்கு நடுவே காதை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். தோளில் அந்த வெள்ளை கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தது.

திரும்பி வந்தபோது கடை வாசலில் ஒரு பெண் ரவிக்கைத் துணியோடு காத்திருந்தாள். "எங்கே போயிட்டீங்க? எவ்வளவு நேரமா நிக்கறேன்!" என்றாள்.

"வழியனுப்பப் போயிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் துணியை வாங்கி விரித்தார்.